விளக்குக்கு வழியில்லை!

கேள்வி: கப்பலில் பாதுகாப்பு விதிகள் புத்தகம் புத்தகமாக இருந்தும் ஊழியர்கள் ஏன் மீறுகிறார்கள்?

பதில்: விதியை எழுதுகிறவரே, 'சீக்கிரம் கிளம்பு' என்றும் விரட்டுவதால்தான்! 1987 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஜீப்ரூக் துறைமுகத்திலிருந்து 'ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்' என்ற பயணிகள் கப்பல் முன்கதவு திறந்தபடியே புறப்பட்டுக் கவிழ்ந்தது. 193 பேர் பலி. கதவை மூட வேண்டியவர் அறையில் தூக்கம். 'மூடவில்லை' என்று யாரும் சொல்லாவிட்டால் மூடியாயிற்று என்பதே கேப்டனின் கணக்கு. கதவு நிலையைக் காட்ட ஒரு விளக்கு வையுங்கள் என்று கேப்டன்கள் முன்பே கேட்டபோது நிர்வாகம் கிண்டலடித்தது. விபத்துக்குப் பிறகு சில நாட்களிலேயே மற்றக் கப்பல்களில் விளக்கு வந்துவிட்டது! நேரத்துக்குக் கிளம்பினால் சபாஷ், தாமதித்தால் மெமோ என்றால் விதியை யார் மதிப்பார்? விசாரணையைத் தலைமை அலுவலகத்திலிருந்து தொடங்குங்கள்.