இடுப்பைக் காணோம்

சினிமாவில் வடிவேலு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கிணற்றைக் காணோம் என்று புகார் கொடுத்தபோது நாடே வயிறு வலிக்கச் சிரித்தது. மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு, சுமார் 3,600 இடுப்புகளைக் காணோம் என்று 2018-ல் அறிக்கை கொடுத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. வடிவேலு கையிலாவது கிணறு வெட்டியதற்கு ரசீது இருந்தது.

தொலைந்தவை ஏ.எஸ்.ஆர். என்ற செயற்கை இடுப்பு மூட்டுகள். செய்தது டிப்யூ. அதன் தாய்க் கம்பெனி ஜான்சன் அண்ட் ஜான்சன், நம் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் பவுடர் பூசிவிட்ட அதே புண்ணியவான். பந்தும் உலோகம், பந்து உட்காரும் கிண்ணமும் உலோகம். இரண்டும் கோபால்ட், குரோமியக் கலவை. 2003-ல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. 2006-ல் இந்தியாவுக்குள் வர உரிமம் கிடைத்தது. 2010 ஆகஸ்டில், உலகம் முழுவதும் சுமார் 93,000 பேர் உடம்பில் ஏறிய பிறகு, கம்பெனி இதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அதற்குள் இந்தியாவில் ஏறக்குறைய 4,700 அறுவை முடிந்திருந்தது.

பிசகு எங்கே என்று கேட்டால் கிண்ணத்தின் ஆழத்தில். அரைக்கோளத்துக்கும் குறைவாக வார்த்திருந்தார்கள். டாக்டர் கொஞ்சம் சாய்த்துப் பொருத்திவிட்டாலும் போதும், பந்து போய்க் கிண்ணத்தின் விளிம்பில் உரசும். ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள் உதிரும். சுற்றியுள்ள தசை செத்துப்போகும், கட்டி கிளம்பும். மறுபடி திறந்து பார்த்த டாக்டர்கள் சாம்பல் நிறக் குழம்பைப் பார்த்தார்கள். ரத்தத்தில் கோபால்ட் மிதமிஞ்சி ஏறினால் காது மந்தமாகலாம், கண் மங்கலாம், இதயத் தசை தளரலாம். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்பார்கள். இந்த மூட்டு இடுப்புக்கும் இதயத்துக்கும் நிஜமாகவே முடிச்சுப் போட்டுக் காட்டியது. ஆனால் மூச்சு வாங்குகிறது என்று வந்து நிற்கும் பாட்டியிடம், பல வருஷத்துக்கு முன் உங்கள் இடுப்பில் எந்தக் கம்பெனிச் சரக்கை வைத்தார்கள் என்று கேட்கும் இதய டாக்டர் எத்தனை பேர்?

இதையெல்லாம் ஆராயாமலா சந்தைக்கு விட்டார்கள்? ஆராய்ந்தார்கள். பரம்பரையை ஆராய்ந்தார்கள். அமெரிக்காவில் 2005-ல் இதற்கு அனுமதி கிடைத்தபோது மனிதர்களிடம் மருத்துவச் சோதனை எதுவும் கேட்கப்படவில்லை. ஏற்கெனவே சந்தையில் இருக்கும் ஒரு கருவியைப் போலத்தான் இதுவும் என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்கிற குறுக்குவழி அங்கே உண்டு. பையன் குடிப்பானா, வேலைக்குப் போகிறானா என்று விசாரிக்காமல், அவன் பெரியப்பா இன்னார் என்று கேட்டதுமே பெண்ணைக் கொடுத்துவிடுவது மாதிரி. 2013-ல் ஆய்வாளர்கள் சிலர் பொறுமையாக உட்கார்ந்து இந்த மூட்டின் வம்சாவளியை எழுதிப் பார்த்தார்கள். 95 கருவிகள், ஐம்பது வருஷத்துக்கு மேல் நீளும் கொடிவழி. அந்த மூதாதையரில் சிலர் உபயோகமில்லை என்று சந்தையிலிருந்தே விரட்டப்பட்டவர்கள். பெரியப்பாவே ஜெயிலில் இருந்திருக்கிறார்.

ஐரோப்பாவின் லட்சணம் இதைவிட விசேஷம். 2012-ல் பிரிட்டனின் மருத்துவ இதழ் ஒன்றும் நாளிதழ் ஒன்றும் சேர்ந்து இல்லாத கம்பெனி ஒன்றை உருவாக்கின. அந்தக் கம்பெனி இல்லாத இடுப்பு மூட்டு ஒன்றைக் காகிதத்திலேயே செய்தது. அதில் ஏ.எஸ்.ஆரின் கோளாறுகளை வேண்டுமென்றே சேர்த்து, சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்தார்கள். செக் நாட்டில் ஒரு சான்றளிப்பு நிறுவனம் தரத் தயாராக இருந்தது. நெதர்லாந்தில் ஒரு பத்திரிகையாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஆரஞ்சுப் பழம் போட்டு விற்கிற வலைப்பையை, பெண்களின் உடம்புக்குள் வைக்கும் மருத்துவ வலை என்று சொல்லி நீட்டினார். அதற்கும் நல்ல வார்த்தை கிடைத்தது. பழத்தையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் வைட்டமின் சான்றிதழும் கிடைத்திருக்கும்.

கம்பெனி புளுகுவது வியாபாரம். அதில் எனக்கு அதிர்ச்சி இல்லை. சட்டி சுட்டதடா என்று முதலில் கத்தியவர் யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கத்தியவை இரண்டு நோட்டுப் புத்தகங்கள். ஆஸ்திரேலியா 1999-லிருந்தும் இங்கிலாந்து 2003-லிருந்தும் நாட்டில் நடக்கும் மூட்டு மாற்று அறுவைகளைப் பதிவேட்டில் ஏற்றி வருகின்றன. யாருக்கு, எந்தக் கம்பெனி, எந்த மாடல், மறுபடி எப்போது அறுத்தார்கள். அவ்வளவுதான். அதைப் புரட்டிப் பார்த்துத்தான் 2009 டிசம்பரில் ஆஸ்திரேலியச் சந்தையிலிருந்து ஏ.எஸ்.ஆர். போனது. இங்கிலாந்துப் பதிவேட்டில் ஐந்தே வருஷத்தில் நூற்றுக்குப் பதின்மூன்று மூட்டுகளை மறுபடி அறுத்து மாற்ற வேண்டியிருந்தது. ஏறக்குறைய எட்டில் ஒன்று. ஐந்தாண்டுக்குள் நூற்றுக்கு நாற்பதை நெருங்கி இது தோற்கும் என்று கம்பெனியே தனக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தது, 2013-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றத்தில் காகிதங்கள் வெளியே வந்தபோதுதான் ஊருக்குத் தெரிந்தது.

எண்ணினால்தானே எட்டில் ஒன்று போச்சு என்று தெரியும்? நாம் எண்ணவில்லை. ஆகவே இந்தியாவில் எந்த மூட்டும் தோற்பதில்லை. இங்கே தோற்பது நோயாளி: எடை கூடிவிட்டது, வயசாகிவிட்டது, பிசியோதெரபிக்கு ஒழுங்காக வரவில்லை, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்திரேலியாவில் விரட்டப்பட்ட பிறகும் 2010-ல் இங்கே உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டார்கள் என்று நிபுணர் குழுவே எழுதியிருக்கிறது. புதுப்பித்துக் கொடுத்த கை எது? இணையத்தில் ஒரு நிமிஷம் தேடியிருந்தால் கிடைத்திருக்கும் சேதி, டெல்லியின் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குக் கடல் தாண்டி நீந்தி வரவேண்டியிருந்தது. மஹாராஷ்டிரத்தின் உணவு, மருந்து நிர்வாகம் மட்டும் 2011-லேயே போலீசுக்குப் போனது. டெல்லி, டாக்டர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது 2013 டிசம்பரில். கம்பெனியே திரும்பப் பெற்று மூன்று வருஷம் கழித்து! நிபுணர் குழு போட்டது 2017 பிப்ரவரியில். குழு அறிக்கை கொடுத்தது 2018 பிப்ரவரியில். அந்த அறிக்கை மக்கள் கண்ணில் பட இன்னும் அரை வருஷம் ஆனது. இடுப்பு உடைந்தவர்கள்கூட இதைவிட வேகமாக நடப்பார்கள்.

இனி அந்த 3,600. அறுவை செய்தது யார் என்று தெரியும்; டாக்டர். எங்கே என்று தெரியும், ஆஸ்பத்திரி. மூட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்த விநியோகஸ்தருக்குப் பெட்டி எண் தெரியும். பெட்டிக்குள் லாட் நம்பர் அச்சடித்த ஸ்டிக்கர் இருக்கும், கேஸ் ஷீட்டில் ஒட்டுவதற்கென்றே. பில் போட்டபோது அந்த 4,700 பேரில் ஒருவர்கூடக் காணாமல் போகவில்லை. நஷ்டஈடு என்ற பேச்சு வந்ததும் நாலில் மூன்று பேர் மாயமாகிவிட்டார்கள்.

நாங்கள்தான் ஹெல்ப்லைன் வைத்தோமே, பரிசோதனைச் செலவும் மறு அறுவைச் செலவும் தந்தோமே என்றது கம்பெனி. நல்லது. கூப்பிட வேண்டியது வலிக்கிறவர். கூப்பிடுவதற்குத் தன் உடம்புக்குள் இருப்பது ஏ.எஸ்.ஆர். என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிவதற்கு அவர் கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்தப் பெயர் இருக்க வேண்டும். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்யப்பட்டது, நோயாளி நலமுடன் வீடு திரும்பினார் என்று மட்டும் எழுதிய ஒரு தாளை வைத்துக்கொண்டு எந்த ஹெல்ப்லைனைக் கூப்பிடுவது?

வேடிக்கை என்னவென்றால், ஆளைக் கண்டுபிடிப்பதில் உலகத்துக்கே வாத்தியார் நாம்தான் என்று மார் தட்டத் தொடங்கியதும் அதே 2010-ல்தான். ஆகஸ்டில் கம்பெனி மூட்டைத் திரும்பப் பெற்றது. செப்டம்பரில் மஹாராஷ்டிரத்தின் தெம்ப்லி கிராமத்தில் முதல் ஆதார் எண்ணைக் கொடுத்தார்கள். பத்து விரலையும் பதிந்தார்கள், இரண்டு கண்ணையும் படம் பிடித்தார்கள். கைநாட்டு மெஷினில் ரேகை விழவில்லை என்று ரேஷன் கடையிலிருந்து கிழவியைத் திருப்பி அனுப்ப இந்த அரசுக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளைச் சேஸிஸ் நம்பர் வைத்துப் பிடிக்கத் தெரியும். அதே கிழவியின் இடுப்புக்குள் நம்பர் போட்ட உலோகம் கிடந்தால் மட்டும் ஆள் தெரியாது, ஊர் தெரியாது.

தெரியாமல் இருப்பதில் லாபம் இருக்கிறது ஐயா. அமெரிக்காவில் 2013-ல் சுமார் 8,000 பேருக்குக் கொடுக்கக் கம்பெனி ஒத்துக்கொண்டது ஏறத்தாழ 250 கோடி டாலர். சராசரியாகப் பிரித்தால், வக்கீல் பங்கையும் சேர்த்துத் தலைக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய இரண்டு கோடி ரூபாய். இந்திய மருந்துச் சட்டத்தில் உடம்புக்குள் வைத்த கருவி கெட்டால் நஷ்டஈடு என்ற பிரிவே அப்போது இல்லை. அதனால் வயதையும் ஊனத்தின் அளவையும் வைத்து ஒரு சூத்திரம் தயாரித்து, 30 லட்சத்திலிருந்து 1.23 கோடி வரை கொடு என்றது அரசு. கம்பெனி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2019 மே மாதம், மறு அறுவை உறுதியான 67 பேருக்குத் தலா 25 லட்சம் தருவதாகச் சொன்னது. 4,700-ல் 67. இதில் மிச்சம் பிடித்த பணத்தில் எத்தனை பதிவேடு வாங்கியிருக்கலாம்! கோடு போட்ட நோட்டு இன்னும் மலிவாகத்தான் கிடைக்கிறது.

பாடம் படித்தோமா? எலும்பு மூட்டு டாக்டர்களின் சங்கம் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது, மனமிருந்தால் எழுதலாம். கருவிகளால் வந்த கேடுகளைச் சேகரிக்க 2015-ல் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதற்கும் ஆஸ்பத்திரிக்கு மனமிருந்தால் எழுதலாம். 2017-ல் மருத்துவக் கருவிகளுக்குத் தனி விதிகள் வந்தன. ஒவ்வொரு கருவிக்கும் தனி அடையாள எண் இருக்க வேண்டும், 2022 ஜனவரி 1 முதல் அமல் என்று அழகாக அச்சடித்தார்கள். அந்த நாள் நெருங்கியதும் தள்ளிவைத்தார்கள். குடிமகனுக்கு எண் கொடுக்க அவசரம், குடிமகனுக்குள் போகிற சாமானுக்கு எண் கொடுக்க நல்ல நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டில் 2006-க்கும் 2010-க்கும் இடையில் யாராவது இடுப்பு மூட்டு மாற்றியிருந்தால் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேஸ் ஷீட் கேட்டுப் பாருங்கள். உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று வருஷம் வைத்திருந்தால் போதும் என்று 2002-ல் மருத்துவக் கவுன்சில் விதி எழுதி வைத்திருக்கிறது. மூட்டு தோற்ற கணக்கோ ஐந்து வருஷக் கணக்கு. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, பழையதையெல்லாம் அழிச்சாச்சுங்க சார் என்பான். அவனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். சட்டப்படி அவன் செய்தது சரி.