கோரும் அளவு: பூஜ்யம் கேலன்

அனுப்புநர்:
டென்ட் ஒன்று, அலுமினியக் குவளை ஒன்று, வாடகைக் கயாக் ஒன்று ஆகியவற்றுடன் ஒரு முகாம்வாசி,
சாண்டா ஃபே ஆற்றங்கரை, வட புளோரிடா.

பெறுநர்:
ஆளுகைக் குழுவினர்,
சுவானி ஆற்று நீர் மேலாண்மை மாவட்டம்,
லைவ் ஓக், புளோரிடா.

பொருள்: ஊற்றுநீரை ஊற்றிலேயே விட்டுவைக்க அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: ஜின்னி ஸ்பிரிங்ஸ் ஊற்றுநீர் குறித்துத் தாங்கள் 23.02.2021 அன்று நிறைவேற்றிய தீர்மானம்.

ஐயா, அம்மணி,

மின்சாரம், குழாய், கூரை, கழிப்பறை எதுவும் இல்லாத இடத்தில் காசு கொடுத்துப் படுக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். ஊரிலிருக்கும் என் பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, "இதெல்லாம் இல்லாமத்தான்டா நாங்க பாதி ஆயுசு ஓட்டினோம். ஒருத்தனும் காசு கேக்கலியே" என்றார். ஒன்றும் இல்லாமல் இருப்பதற்கும் இங்கே விதிமுறை உண்டு என்பது அவருக்குத் தெரியாது. வெளிக்குப் போக வேண்டுமென்றால் தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளி, 6 அங்குல ஆழத்தில் குழி தோண்ட வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்புக்கும் அதே 200 அடி. மாநிலப் பூங்கா என்றால் கீழே கிடக்கும் சுள்ளியை விறகுக்குப் பொறுக்கக் கூடாது; அதுவும் காட்டின் சொத்து. கொண்டுபோன குப்பையைத் தலையில் சுமந்தாவது வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. நல்ல விதிகள். இருட்டில், ஒரு கையில் டார்ச்சும் மறுகையில் சிறு மண்வெட்டியுமாக, 200 அடியைக் காலடியால் அளந்து நடந்த ஒரு குடிமகன் எழுதுகிறேன் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும்.

விஷயத்துக்கு வருகிறேன். பார்வையில் கண்ட தீர்மானத்தின்படி, செவன் ஸ்பிரிங்ஸ் வாட்டர் கம்பெனி சாண்டா ஃபே ஆற்றங்கரையிலுள்ள ஜின்னி ஸ்பிரிங்ஸ் பகுதியில் நாளொன்றுக்கு 9,84,000 கேலன் வரை நீர் எடுக்கலாம் என்று தாங்கள் அனுமதித்தீர்கள். ஏறக்குறைய 37 லட்சம் லிட்டர். எடுக்கும் நீரை வாங்கிப் பாட்டிலில் அடைத்து விற்பது அப்போது நெஸ்லே நிறுவனத்தின் வேலை. இதற்கு விண்ணப்பக் கட்டணம், ஒரே ஒரு தடவை, 115 டாலர். தண்ணீருக்கென்று தனி விலை கிடையாது.

நான் தங்கும் இடத்தில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 5 டாலர். 115 டாலருக்கு நான் 23 இரவு தரையில் படுத்துப் புரளலாம், கொசுக்கடி இலவசம். கணக்குப் போட்டுப் பார்த்ததில், படுப்பதை விட உறிஞ்சுவதே கட்டுபடியாகும் என்று தெரிந்தது. எனவே அதே கட்டணத்துக்கு இத்துடன் காசோலை இணைத்து, நானும் விண்ணப்பிக்கிறேன்.

கோரும் அளவு என்ற இடத்தில் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறேன். எழுத்துப் பிழை அல்ல. ஆழ்துளைக் கிணற்றின் விட்டம் என்ற இடத்தில் குவளையின் விட்டத்தை எழுதியிருக்கிறேன். பம்பின் திறன் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். எடுத்த நீரில் எவ்வளவு நிலத்துக்கே திரும்பும் என்று கேட்டால் முழுவதும் என்பேன். 200 அடி தள்ளி, 6 அங்குல ஆழத்தில், விதிப்படி.

புளோரிடாச் சட்டம் 373-ஆம் அத்தியாயம் விண்ணப்பதாரருக்கு மூன்று சோதனைகள் வைக்கிறது. பயன்பாடு நியாயமானதாகவும் பயனுள்ளதாகவும் இருக்க வேண்டும். ஏற்கெனவே சட்டப்படி நீரைப் பயன்படுத்துவோருக்கு இடைஞ்சல் கூடாது. பொதுநலனுக்கு ஒத்துப்போக வேண்டும். முதலாவதில் நான் தேறிவிடுவேன் என்று நம்புகிறேன். சும்மா இருப்பது பயனுள்ளதா என்று தாங்கள் கேட்கலாம். ஒரு வாரம் அலுவலகத்தில் இருந்துவிட்டு வந்து கேளுங்கள்.

இரண்டாவது சோதனைக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. ஊற்றின் நடுவில் கயாக்கை நிறுத்தித் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தால், தண்ணீர் இருப்பதே தெரியாது. பதினைந்தடி கீழே வெள்ளை மணலில் கயாக்கின் நிழல் தனியாக ஊர்கிறது. நிழலின் ஓரத்தில் என் தொப்பி. மணலில் ஓரிடம் மட்டும் ஓயாமல் பொங்கிப் பொங்கிச் சரிகிறது, அதுதான் ஊற்றுக்கண். சுண்ணாம்புப் பாறைக்குள் பல பத்தாண்டுகளுக்கு முன் இறங்கிய மழை அது வழியாக வருகிறது. கோடையானாலும் குளிரானாலும் 22 டிகிரி செல்சியஸ். கால் வைத்தால் ஆகஸ்டில் 'ஐயோ' என்றும், ஜனவரியில் 'அப்பாடா' என்றும் வாய் தானாகச் சொல்லும். ஓடை வழியே துடுப்பு போட்டுக்கொண்டு போனால், ஆற்றைத் தொடும் இடத்தில் கோடு கிழித்ததுபோல் நிறம் மாறும். இந்தப் பக்கம் நீலம். அந்தப் பக்கம், சைப்ரஸ் சதுப்புகளின் இலைச்சாறு ஊறிய சாண்டா ஃபே, முதல் டிகாக்ஷன் நிறத்தில். கோட்டைத் தாண்டியதும் துடுப்பின் இலை அரை அடி ஆழத்திலேயே மறைந்துவிடும். வெள்ளக்காலத்தில் ஆறு மேலேறி ஊற்றுக்குள்ளேயே புகுந்துவிடுவதும் உண்டு. ஊற்று அழுத்தத்தோடு இருக்கும்வரை ஆற்றை வெளியே தள்ளி வைத்திருக்கும். அழுத்தம் குறைந்தால் கோடு உள்ளே நகரும்.

அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் ஏற்கெனவே பயன்படுத்துவோர் வசிக்கிறார்கள். விழுந்த மரத்தண்டின்மேல் அளவு வாரியாக அடுக்கி வைத்ததுபோல் வெயில் காயும் சுவானி கூட்டர் ஆமைகள். நத்தை தின்றுவிட்டு நடுச்சாமத்தில் யாரோ செத்துப்போனதுபோல் அலறும் லிம்ப்கின் பறவை. காரணமே இல்லாமல் துள்ளி விழும் மடவை மீன்கள். தங்கள் மாவட்டத்தை உண்டாக்கிய நீர்வளச் சட்டம் 1972-இல்தான் வந்தது. இவர்கள் அதற்கு வெகு முன்பே குடியேறிவிட்டார்கள். ஆனால் யாரிடமும் பட்டா இல்லை, விண்ணப்ப எண் இல்லை. நாளொன்றுக்கு எத்தனை கேலன் என்று கேட்டால் ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இவர்களுக்கு என்னால் இடைஞ்சல் இல்லை என்று உறுதி கூறுகிறேன். லிம்ப்கினால் எனக்கு இடைஞ்சல் உண்டு. அது வேறு புகார்.

மூன்றாவது பொதுநலன். இங்கேதான் தங்கள் முன்மாதிரியிலிருந்து கற்றுக்கொள்ள விரும்புகிறேன். அந்த அனுமதிக்கு எதிராகப் பொதுமக்கள் ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். நிறுவனம் போதிய விவரம் தரவில்லை என்று தங்கள் ஊழியர்களே முதலில் மறுக்கும்படி பரிந்துரைத்தார்கள். பிறகு ஒரு நிர்வாகச் சட்ட நீதிபதி கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னார். தாங்களும், சட்டம் கையைக் கட்டிவிட்டது என்ற வருத்தத்தோடு, ஒருமனதாகக் கையைத் தூக்கினீர்கள். கட்டிய கையைத் தூக்குவது எளிதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இதெல்லாம் நடந்தபோது சாண்டா ஃபேயின் கீழ்ப்பகுதி 'மீட்பு' நிலையில் இருந்தது. ஆற்றுக்கு இவ்வளவு நீராவது இருந்தாக வேண்டும் என்று குறைந்தபட்ச அளவு ஒன்று நிர்ணயித்திருக்கிறார்கள். ஆற்றில் அந்த அளவு ஓடவில்லை என்பதை அரசின் தாள்களே சொல்கின்றன. தவிர, ஜின்னி ஸ்பிரிங்ஸை ஒட்டிய டெவில்ஸ் இயர் ஊற்று, 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநிலத்தின் 30 சிறப்புமிகு ஊற்றுகளில் ஒன்று. மருத்துவமனையில் படுத்திருக்கிறவருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, அதே கையோடு ரத்ததானத்துக்கும் பெயர் எழுதிக்கொள்ளும் இந்த நிர்வாகத் திறமை எனக்கு வராது.

தங்கள் பக்க நியாயத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். பாட்டில் கம்பெனி எடுப்பது மொத்தத்தில் கொஞ்சம்தான். பெரும்பங்கு போவது வயல்களுக்கும் நகரத்துக் குழாய்களுக்கும். உண்மை. நீரைக் கெடுப்பதும் பாட்டில் அல்ல. வயல் உரமும் மாட்டுச் சாணமும் வீட்டுக் கழிவுத் தொட்டியும் மண் வழியே இறக்கும் நைட்ரேட். ஊற்றுகளில் அது லிட்டருக்கு 0.35 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று மாநிலம் வரம்பு வைத்திருக்கிறது. தாண்டிய ஊற்றுகளில் நீர்ப்புல் இருந்த இடத்தில் பாசி படிந்து தொங்குகிறது. நான் ஒரு குவளையைக் கழுவுவதற்கு 200 அடி நடக்கிறேன். மாடு எத்தனை அடி நடக்கிறது? பாட்டில்காரர் கொஞ்சம்தான் எடுக்கிறார், விவசாயி ஊருக்குச் சோறு போடுகிறார், நகரத்தார் ஓட்டுப் போடுகிறார். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தால் எல்லோரும் நல்லவர்கள். சேர்த்துக் கூட்டிப் பார்க்கும் வேலைக்குத்தானே தங்களை நியமித்திருக்கிறார்கள்?

பக்கத்து இச்சடக்னி ஆற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாநிலப் பூங்காவுக்குள் ஓடும் அந்த ஆறு சாண்டா ஃபேயில்தான் வந்து சேர்கிறது. அதில் மிதக்கப் போகிறவர் பயன்படுத்தித் தூக்கி எறியும் எதையும் கொண்டுபோகக் கூடாது என்பது விதி, வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். அதாவது, ஊற்றுநீர் நிலத்தடியிலிருந்து கிளம்பிப் பாட்டிலுக்குள் ஏறுவதற்குத் தடை இல்லை. பாட்டிலில் ஏறிய பிறகு தான் பிறந்த ஆற்றங்கரையை எட்டிப் பார்க்க வந்தால்தான் தடை. இன்னொன்றையும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். காட்டு நீரைக் காய்ச்சியோ வடிகட்டியோதான் குடிக்க வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு, வழியில் ஒரு கடையில் வாங்கிய ஊற்றுநீர் பாட்டிலைத் திறந்து, ஊற்றின் கரையில் உட்கார்ந்து குடித்திருக்கிறேன். கீழே ஓடிய தண்ணீர் அதைவிடத் தெளிவாக இருந்தது. அதற்கு லேபிள் இல்லை, அவ்வளவுதான்.

தாங்கள் தீர்மானம் போட்ட அடுத்த மாதமே, 2021 மார்ச் இறுதியில், நெஸ்லே தன் வட அமெரிக்கத் தண்ணீர் வியாபாரத்தை 430 கோடி டாலருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டது. அதில் ஒரு கிணறும் ஒரு மாவட்டமும் மட்டும் இல்லை என்பது தெரியும். ஊர் ஊராகப் பல பிராண்டுகள், ஆலைகள், லாரிகள். ஆனாலும் 115-இலிருந்து 430 கோடி வரை ஏறும் அந்தப் படிக்கட்டில் எந்தப் படியில் தண்ணீருக்கு விலை பிறந்தது என்று தேடிப் பார்க்கிறேன். நிலத்துக்குள் இருக்கும்வரை இல்லை. பம்பில் ஏறும்போதும் இல்லை. தங்கள் அலுவலகத்தைக் கடக்கும்போது நிச்சயமாக இல்லை.

ஆகவே தாங்கள் பெரிய மனது வைத்து, மேற்படி பூஜ்யம் கேலனை ஆண்டு முழுவதும், இரவு பகலாக, ஊற்றிலேயே விட்டுவைக்க எனக்கு உரிமை வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படி விட்டுவைக்க விண்ணப்பிப்போருக்குத் தனிப் படிவம் இல்லையென்றால், எடுப்போருக்கான படிவத்தையே திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் எழுதித் தரவும் சம்மதம். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். விவரம் போதவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். குவளையின் விட்டத்தைக்கூடக் கொடுத்திருக்கிறேன்.

நேரில் விசாரணைக்கு அழைத்தால் வரத் தயார். பொதுமக்கள் பேச மூன்று நிமிடம் கொடுப்பது இந்நாட்டுக் கூட்டங்களில் வழக்கம் என்று அறிகிறேன். தாங்கள் அனுமதித்த உச்ச அளவில் பம்பு ஓடினால், அந்த மூன்று நிமிடத்தில் 7,700 லிட்டருக்கு மேல் வெளியே வந்துவிடும். "மாண்புமிகு தலைவர் அவர்களே, குழு உறுப்பினர்களே" என்று நான் முறைப்படி தொடங்கினாலே ஒரு பெரிய தொட்டி நிறைந்துவிடும் போலிருக்கிறது. அதனால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்றால், வணக்கம் சொல்லாமலே ஆரம்பித்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
முகாம்வாசி.

இணைப்பு: 115 டாலருக்கான காசோலை. ரசீது தேவை.