சும்மா வாசித்தவர்கள்

திருகோணமலை முற்றவெளியை அடுத்த பழைய சேமக்காலையில் ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பெயர் சார்ள்ஸ் ஒஸ்ரின். பிரித்தானியக் கடற்படையில் ரியர் அட்மிரல். கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவுக்குத் தளபதியாக இருந்தவர், 1852 ஒக்ரோபரில் பர்மாவின் ஐராவதி ஆற்றில் கப்பலிலேயே வாந்திபேதி கண்டு இறந்தார். உடலை இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். நான் பிறந்து வளர்ந்து இங்கிலிஷ் படிப்பித்த ஊர் இது. அந்த மதிலோரமாகத்தான் தினமும் பள்ளிக்கூடம் போய் வந்தேன். உள்ளே கிடப்பவர் யார் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எங்களுக்குச் சொல்லவில்லை.

நாங்கள் படித்த காலத்தில் ஜேன் ஒஸ்ரின் என்றால் ஒரு பெயர், வினாத்தாளில் வரும் ஒரு கேள்வி, அவ்வளவுதான். வகுப்புக்கு 'பெர்சுவேஷன்' நாவலின் ஒரேயொரு பிரதி இருந்தது. அதுவும் சுருக்கிய பதிப்பு. மிஸ் மேசையில் சாய்ந்து நின்று வாசிப்பா, நாங்கள் கேட்போம். மணி அடித்தால் கதை நின்றுவிடும். அடுத்த பாடம் வெள்ளிக்கிழமை என்றால், அந்தப் பெண்ணுக்கும் கப்பல்காரனுக்கும் என்ன நடந்தது என்று வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். முழு நாவலையும் வாங்கிப் படிக்கிற வசதி எங்கள் வகுப்பில் யாருக்கும் இருக்கவில்லை. நூலகத்தில் இருந்த பிரதியோ எப்போதும் யாரோ ஒருவர் வீட்டில் இருந்தது.

இன்று அந்தக் கதை முழுவதும் என் போனில் இருக்கிறது. ஒரு சதம் கொடுக்கவில்லை. வாசித்தவர்களும் ஒரு சதம் வாங்கவில்லை.

லிப்ரிவொக்ஸ் என்று ஒரு முயற்சி. 2005 ஓகஸ்டில் கனடாவின் மொன்றியல் நகரில் ஹியூ மக்குவயர் என்பவர் தொடங்கினார். உரிமைக்காலம் முடிந்த புத்தகங்களை ஆர்வமுள்ள எவரும் வாசித்து ஒலிப்பதிவு செய்யலாம், எவரும் இலவசமாகக் கேட்கலாம் என்பதுதான் திட்டம். முதலில் வாசித்து முடித்தது ஜோசப் கொன்ராட்டின் 'த சீக்ரட் ஏஜென்ட்'. நாவலாசிரியராவதற்கு முன் கப்பலில் வேலை பார்த்தவர் கொன்ராட் என்பது துறைமுக ஊர்க்காரியான எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். இன்று அங்கே 20,000க்கு மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. வாசிக்க வருகிறவருக்குக் குரல் தேர்வு இல்லை, பட்டம் கேட்பதில்லை. ஒரு நிமிடச் சோதனைப் பதிவு அனுப்பினால் ஒலி தெளிவாக இருக்கிறதா, பின்னணியில் இரைச்சல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். ஒரு புத்தகத்தின் அதிகாரங்களைப் பலர் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். வாசித்ததை இன்னொரு தொண்டர் கேட்டு, இரண்டு தரம் வாசித்த வரி போன்ற பிழைகளைக் குறித்துக் கொடுப்பார். திருத்திய பிறகுதான் அது வெளியே வரும்.

நான் முதலில் கேட்டது 'பெர்சுவேஷன்'. ஜேன் ஒஸ்ரின் 1817 ஜூலையில் இறந்தபின் அச்சில் வந்த கடற்படைக்காரர் கதை. பின்னேரத்தில் உட்துறைமுக வீதியில் நடந்தபடி கேட்பேன். பலர் பகிர்ந்து வாசித்த பதிவுகளில் ஒரு அதிகாரத்தை அமெரிக்க உச்சரிப்பிலும் அடுத்ததை இங்கிலாந்து உச்சரிப்பிலும் கேட்கலாம். ஒருவர் நிதானமாக வாசிப்பார், இன்னொருவர் அவசரப்படுவார். ஒருவரின் வீட்டில் எங்கோ நாய் குரைத்தது. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. காசு கொடுத்து அமர்த்திய நடிகர் எனக்காக நடிப்பார். இவர்களோ அந்தப் புத்தகத்தில் தாங்கள் அனுபவித்ததை இன்னொருவருக்குக் கொடுக்காமல் இருக்க முடியாமல் வந்து உட்கார்ந்தவர்கள். நல்ல இடம் வரும்போது குரல் தானாகவே மெதுவாகிறது. அதைப் பாசாங்கால் கொண்டுவர முடியாது.

கேட்கக் கேட்கத்தான் சேமக்காலையில் இருப்பவர் எனக்கு ஆளாகத் தெரியத் தொடங்கினார். 1801இல் கப்பல் பிடித்ததற்குக் கிடைத்த பரிசுப் பணத்தில் சார்ள்ஸ் தன் இரண்டு அக்காமாருக்கும் பொன் சங்கிலியும் புஷ்பராகச் சிலுவையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பிறகு ஜேன் எழுதிய 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்'கில் கப்பலில் வேலை செய்யும் அண்ணன் தங்கைக்கு அம்பர்ச் சிலுவை கொண்டுவந்து கொடுக்கிறான். இங்கிலாந்தின் ஒரு சிறு வீட்டு மேசையில் எழுதிய கதைக்குள் இருக்கிற அந்தத் தம்பி, எங்கள் மண்ணில் கிடக்கிறார். இதை நான் படிப்பித்த காலத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தால் ஜேன் ஒஸ்ரின் அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட வந்திருப்பார்.

மூதூருக்குப் போகும்போது இன்னொரு கதை. முன்பெல்லாம் திருகோணமலையிலிருந்து மூதூருக்குக் கொட்டியாரக் குடாவைக் கடந்து லோஞ்சில்தான் போவோம். அந்தப் பயணத்தில் யாராவது ஒருவர் பேப்பரை விரித்தால் உரக்கத்தான் வாசிக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள், என்ஜின் சத்தத்துக்கு மேலால் கருத்தும் சொல்வார்கள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. மற்றப் பாலங்களும் வந்தபின் இப்போது பஸ்ஸிலேயே போய்விடலாம். அந்தக் குடாவில்தான் ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ் வந்த கப்பல் நங்கூரம் போட்டது. 1660இல் அவரைப் பிடித்துக் கண்டி இராச்சியத்துக்குக் கொண்டுபோனார்கள். பத்தொன்பது வருடங்களுக்குப் பிறகு தப்பி, 1681இல் இலங்கையைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். அதைப் படித்த டானியல் டிஃபோ, தன் 'கப்டன் சிங்கிள்டன்' கதைக்குள் நொக்ஸின் சரித்திரத்தையே சேர்த்துக்கொண்டார். அதே டிஃபோவின் 'றொபின்சன் குரூசோ'வைத் தொண்டர்கள் வாசிக்க, நான் மூதூர் பஸ்ஸில் கேட்டேன்.

அம்மாவுக்குத் தொண்ணூறை நெருங்கும் வயது. கண் மங்கிவிட்டது. சாய்மனைக் கதிரையில் இருந்தபடி ஒருநாள் என் போனில் கேட்ட குரலைப் பற்றி விசாரித்தா.

"ஆர் பிள்ளை இது வாசிக்கிறது?"

"ஆரெண்டு தெரியாதம்மா. வெளிநாட்டிலை ஒரு பொம்பிளை."

"காசு வாங்கிறவவோ?"

"இல்லை, சும்மா."

அம்மா கொஞ்சம் யோசித்தா. "எங்கடை கோயில்லை படிச்சவையும் சும்மாதானே படிச்சவை."

சரியான பேச்சு. கார்த்திகை, மார்கழியில் பிள்ளையார் பெருங்கதை விரதம் வந்தால் இருபத்தொரு நாளும் கோயிலில் வரத பண்டிதரின் பிள்ளையார் கதை படிப்பார்கள். திருவெம்பாவை நாட்களில் திருவாதவூரர் புராணம். கிழக்குக் கரையோரத்து அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கென்றால் கண்ணகி வழக்குரை. ஒருவர் ராகத்தோடு செய்யுளைப் படிக்க, பக்கத்தில் இருப்பவர் பொருளை விளக்கிப் பயன் சொல்லுவார். எங்கள் பக்கத்தில் பயன் சொல்லியவர் பகலில் கடையில் கணக்கெழுதுகிறவர். மாலையில் குளித்து, வேட்டி மாற்றி, திருநீறு பூசி, அரிக்கன் லாம்புக்கு முன்னால் வந்து இருந்தால் ஆள் வேறு. மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் போன கதையைச் சொல்லும்போது, திருப்பெருந்துறைக்குத் தானே நடந்துபோய் வந்தவர் மாதிரிச் சொல்வார். எழுத்துத் தெரியாத ஆச்சிமாருக்குக்கூடப் புராணம் முழுவதும் தலைகீழாகத் தெரிந்தது அதனால்தான். படிக்கிறவர் ஒரு சொல்லைத் தவறவிட்டால் தூணோடு சாய்ந்திருக்கும் ஆச்சி உடனே திருத்துவா. லிப்ரிவொக்ஸில் பிழை பார்க்கிற தொண்டர் செய்வதும் ஆச்சி செய்ததும் ஒரே வேலை.

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். கல்கி இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னைக் கிழமைக்குக் கிழமை கிழித்துச் சேர்த்துக் கட்டிய புத்தகங்கள் எங்கள் வீட்டுப் பெட்டிக்குள் இருந்தன. 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின் அவை பொன் மாதிரி. இரவில் அம்மா வாசிப்பா, அம்மம்மாவும் பக்கத்து வீட்டு மாமியும் பாக்குச் சீவியபடி கேட்பார்கள். "அந்த இடத்தை இன்னொருக்கா வாசி பிள்ளை" என்று அம்மம்மா கேட்டால் அம்மா முகம் சுளிக்காமல் திரும்ப வாசிப்பா. அந்த நாவலை நான் பிறகு கண்ணால் படித்தேன். ஆனாலும் நந்தினி பேசும்போது இன்றும் எனக்குள் கேட்பது அம்மாவின் குரல்தான். ஊருக்கே வாசித்த அந்த மனுசி இப்போது எழுத்துப் பார்க்க முடியாமல் இருக்கிறா. ஆர்வலர்கள் வாசித்து இணையத்தில் ஏற்றிய 'பொன்னியின் செல்வன்' பதிவுகள்தான் அவவுக்கு இப்போது துணை. கேட்டுக்கொண்டே சில வசனங்களை முன்கூட்டியே சொல்லிவிடுவா.

பொருளாதார நெருக்கடி வந்த 2022ஐ மறக்க முடியாது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. கடதாசி இல்லாமல் பரீட்சைகளைத் தள்ளிவைத்தார்கள், பத்திரிகைகள் பக்கத்தைக் குறைத்தன. புத்தக விலை எங்களைப் போன்ற பென்சன்காரருக்கு எட்டாத இடத்துக்குப் போனது. கரண்ட் இருக்கும்போது போனைச் சார்ஜ் பண்ணி, பதிவுகளை இறக்கி வைத்துவிடுவேன். குறைந்த தரத்தில் ஒரு மணித்தியாலப் பதிவு 30 எம்.பி.க்குள் அடங்கும். பிறகு இருட்டில் அம்மாவும் நானும் முன் வீட்டுப் பிள்ளைகளும் விறாந்தையில் இருந்து கேட்போம். அந்தப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்கத் தாய் தகப்பனால் முடியவில்லை. கதை கேட்கத் தடை இருக்கவில்லை.

இவ்வளவும் சொல்லி வருவது ஒரு விஷயத்துக்காக. ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்க காலத்து நூல்களில் இரண்டு எங்கள் ஊர்க்காரர் எழுதியவை. திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' 1891இல் வந்தது. ஓர்சன், வலன்ரைன் என்ற இரண்டு சகோதரர்களைப் பற்றிய பழைய ஐரோப்பியக் கதையைத் தழுவியது. நான்கு வருடம் கழித்து, 1895இல், தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' சென்னையில் அச்சானது. நாயக்கர் காலத்தை வைத்து எழுதிய இதைத் தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுவார்கள். கல்கியின் சரித்திரக் கதைகளுக்கு அரை நூற்றாண்டு முன்னால் ஒரு திருகோணமலைக்காரர் அந்த வழியில் நடந்திருக்கிறார். பெண் விடுதலை பேசும் 'தத்தை விடு தூது'ம் அவருடையதுதான். முப்பத்தேழு வயதளவில், 1902இல், இறந்துவிட்டார்.

ஊரில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும்? சரவணமுத்துப்பிள்ளையின் கதையைப் படித்த பிள்ளை ஒன்றை நான் என் வகுப்பில் கண்டதில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. 1890களின் வசனநடையைத் தனியே உட்கார்ந்து படிப்பது இன்றைய பதினாறு வயதுக்குக் கடினம். வாக்கியம் நீளும், வடசொல் இடறும். அதையே ஒருவர் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்தால் பொருள் விளங்கிவிடும். புராணம் விளங்கிய மாதிரித்தான்.

சட்டத் தடையும் இல்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டுவரைதான் உரிமை. லிப்ரிவொக்ஸ் பார்ப்பது அமெரிக்கச் சட்டத்தை. அங்கே வெளிவந்து 95 ஆண்டு கடந்த நூல்களுக்கு உரிமை கிடையாது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950களில் வந்தபடியால் அந்த வாசலுக்குள் இன்னும் நுழைய முடியாது. 1891ம் 1895ம் தாராளமாக நுழையும். எழுத்து வடிவத்தில் இலவசமாகக் கொடுக்கிற வேலையைத் தமிழர் முன்பே தொடங்கிவிட்டார்கள். சுவிற்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 தைப்பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். ஈழத்து நூல்களுக்காக நூலகம் தளம் 2005இல், லிப்ரிவொக்ஸ் பிறந்த அதே வருடம், வந்தது. இரண்டிலும் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். எழுத்துக்குக் கிடைத்த அந்தத் தொண்டு குரலுக்கும் கிடைக்க வேண்டும்.

வாசிக்கிறது பெரிய வித்தை இல்லை என்று தெரிந்துகொள்ள நானும் வாசித்துப் பார்த்தேன். அறைக் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல் முழுப் பதிவிலும் இருக்கும். வேர்வை வழியும். ஜன்னலில் கட்டிலின் பெட்ஷீற்றைத் தொங்கவிட்டால் எதிரொலி குறையும். காகம் கத்தினால், ஆட்டோ போனால், பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் நிறுத்தி, அந்த வாக்கியத்தைத் தொடக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். விடியற்காலைதான் நல்ல நேரம், மீன்பிடி வள்ளங்களின் என்ஜின் சத்தம் ஓய்ந்த பிறகு. உரக்க வாசித்தால்தான் ஆசிரியர் எந்த இடத்தில் மூச்சு விட்டிருக்கிறார் என்று தெரிகிறது. கண் தாண்டி ஓடுகிற சொல்லை நாக்கு தாண்ட விடாது.

இப்போது கணினிக் குரலே எல்லாவற்றையும் வாசிக்குமே, ஆள் எதற்கு என்று மருமகன் கேட்டான். வாசிக்கும்தான், கண் தெரியாதவருக்கு ஒரு கடிதத்தையோ செய்தியையோ உடனே வாசித்துக் கொடுக்க அது பேருதவி. ஆனால் 'மோகனாங்கி'க்கு அது வேண்டாம். அந்த நாவலை எழுதியவர் எங்கள் ஊர்த் தமிழ் பேசி வளர்ந்தவர். எங்கள் ழகரமும் எங்கள் இழுப்பும் உள்ள ஒரு குரல் அதை வாசிக்க வேண்டும். கோயிலில் பயன் சொன்னவர்களின் குரலில் ஒன்றைக்கூட யாரும் பதிந்து வைக்கவில்லை. அந்த இழப்பு ஒன்றே போதும்.

திருகோணமலையில் இருப்பவர்கள், இங்கிருந்து ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போனவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், உங்களிடம் கேட்கிறேன். ஒரு போன், அமைதியான ஒரு அறை, ஒரு மணித்தியாலம் போதும். 'மோகனாங்கி'யின் முதல் அதிகாரத்தை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டாவதிலிருந்து ஆள் தேவை.