இருகோலர் இயல்: தொகை, வகை, விரி

மாணாக்க, நேரே அமர்ந்து கேள். சொல்லெழுதும் கோல் பிடிப்பாரைத் தூவலர் என்றும், உருவெழுதும் கோல் பிடிப்பாரைத் தீட்டுநர் என்றும் முன்னையோர் பிரித்து வைத்தனர். இரண்டையும் ஒரே கையால் பிடிப்பார்க்கு அவர்கள் பெயரிட்டிலர். நாம் இடுவோம்: இருகோலர். இல்லாத ஊரைச் சொல்லாற் கட்டி, அவ்வூர் மாந்தரின் மூக்கைக் கோட்டால் நீட்டுவார் இருகோலர் என்பது வரையறை.

எடுத்துக்காட்டுக்கு ஒருவரே போதும். அவர் இங்கிலாந்தின் மெர்வின் பீக் (1911–1968). பலரை எடுப்பின் வகை பெருகும். ஒருவரை எடுப்பின் உள்வகை பெருகும். உள்வகையே கல்விக்கு அழகு.

1. பிறப்பு வகை. இது நின்ற மண்ணினர், பெயர்ந்த மண்ணினர் என இருபாற்படும். பீக் பெயர்ந்த மண்ணினர். சீனத்தில் குலிங் என்னும் மலையூரிற் பிறந்தார். தந்தை கிறித்தவத் திருப்பணி மருத்துவர். டியன்சினில் வளர்ந்து, 11 அகவையில் இங்கிலாந்து சேர்ந்தார். மதில் சூழ்ந்த குடியிருப்பில் வளர்ந்தமையால் பின்னாளில் மதில் சூழ்ந்த கோட்டையை எழுதினார் என்பாரும் உளர். இரு மதிலையும் ஒன்றெனக் கொள்வது அளவை நூலுக்கு ஒவ்வாது. எனினும் அவர்களை நாம் தடுப்பதில்லை.

2. ஊண்தொழில் வகை. தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாம். 1935இல் இலண்டனின் வெசுட்மின்சுட்டர் ஓவியப் பள்ளியில் ஆசிரியப் பணி கிடைத்தது; இது தோன்றல். அங்குச் சிற்பம் கற்க வந்த மேவ் கில்மோரை 1937இல் மணந்தார், இது திரிதல். கெடுதலைப் பின்னர்க் கூறுதும்.

3. வரைவு வகை. இவ்வியலின் உயிர் இதுவே, தூங்கற்க.

3அ. தன்சொல் வரைவு: தாம் எழுதியதற்குத் தாமே வரைதல். 1939இல் வந்த சிறுவர் நூலொன்றில், கடற்கொள்ளைத் தலைவன் மஞ்சள் உயிரி ஒன்றன்மேல் நட்புக்கொண்டு, கொள்ளையை விட்டுத் தீவில் தங்கிவிடுகிறான். எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் பூசல் எழாமை இவ்வகையின் நலன்.

3ஆ. பிறர்சொல் வரைவு. இஃது உள்ளார்சொல் வரைவு, மறைந்தார்சொல் வரைவு எனப் பிரியும். பீக்கின் புகழ் இரண்டாவதில் நின்றது: லூயிசு கரோலின் இசுநார்க் வேட்டை (1941), கோல்ரிட்சின் முதிய மாலுமிப் பாட்டு (1943), இசுடீவன்சனின் புதையல் தீவு (1949). கோட்டின் குறுக்கே கோடிட்டு, இடையிடையே புள்ளியிட்டு, வெள்ளைத் தாளில் இருளைச் சிறுகச் சிறுக வளர்ப்பார். இதனை இருள்பின்னல் என்க. மறைந்தார்சொல் வரைவின் சிறப்பு யாதெனின், கால் கோணிவிட்டதென்று ஆசிரியரிடமிருந்து மடல் வாராது.

3இ. சொல்லிடை வரைவு. எழுதிக்கொண்டிருக்கும் ஏட்டின் ஓரத்திலேயே, எழுதிக்கொண்டிருக்கும் மாந்தரின் முகத்தை வரைந்துவிடுதல். 1940இல் படையிற் சேர்ந்த பீக், அங்கேயே 'டைட்டசு குரோன்' என்னும் கோட்டைப் புனைவைத் தொடங்கினார். அது 1946இல் அச்சேறியது. அதன் கையேடுகளில் வரிக்கு வரி பக்கத்திலே தலைகள் முளைத்திருக்கும். இத்தலைகள் எழுத்தா, ஓவியமா? எழுத்தே என்பார்க்கு, தலைக்கு மாத்திரை எத்துணை என்னும் வினா எழும். ஓவியமே என்பார்க்கு, முகம் கண்ட பின்னன்றோ அடுத்த வரி பிறந்தது என்னும் வினா எழும். இரண்டும் அன்று, 'ஓரவுரு' என்னும் மூன்றாவதே என்பது நம் துணிபு.

இப்புனைவில் ஓர் இடம் மாணாக்கர் அனைவரும் போற்றத் தக்கது. கோட்டைக் கோமான் நாள்தோறும் செய்யவேண்டிய சடங்குகளை முதுமகன் ஒருவன் மூன்று ஏடுகளிலிருந்து எடுத்துரைப்பான். முதல் ஏட்டில் மணிதோறும் ஆற்றும் வினை. இரண்டாம் ஏடு முழுவதும் வெற்றுத் தாள். மூன்றாம் ஏடு எதனை எங்குக் காண்க என்னும் அடைவு. நூலமைப்பு என்றால் இஃதன்றோ! நம்மிடமும் இரண்டாம் ஏடு அணியமாக உள்ளது.

4. படை வகை. பீக் போர் ஓவியர் பணி கேட்டார். பீரங்கிப் படையில் வைத்தனர். இட்லர் தாமே வரைந்து காட்சிக்கு வைத்தவை போலக் கொடுமைகளைத் தீட்டி, அவற்றுக்கு 'நிலக்காட்சி', 'அசையாப் பொருள்' என்றாற்போல் அமைதியான தலைப்புகளும் இட்டு அரசுக்கு அளித்தார். பிறர் பெயரில் வரைதலின் இது மறக்கோலம் எனப்படும். அரசு விலைகொடுத்து வாங்கியது, பயன்படுத்தவில்லை. வாங்கி வைத்தல் அரசியல் நூலின்பாற் படுமாதலின் ஈண்டு விரித்திலம். 1942இல் பீக்கின் உளம் முறிந்தது. மறு ஆண்டு படையினின்று விடுவிக்கப்பட்டார். அவ்வாண்டே பர்மிங்காமை அடுத்த சுமெத்விக்கில், கதிர்க்குழல் செய்யும் கண்ணாடி ஊதுவாரைத் தீட்டும் பணி கிடைத்தது. மூச்சால் உருச்செய்வாரைக் கோலால் உருச்செய்தமையின், இஃது உருவின்மேல் உரு.

5. 1945 சூன் திங்களில் இதழொன்றின் பொருட்டு அவர் பெல்சென் வதைமுகாமுக்குச் சென்றார். அங்குச் சாகக் கிடந்த பெண்ணொருத்தியை வரைந்தார். அவளைப் பற்றிப் பாவும் எழுதினார். அப்பாவில், சாவாளை ஓவியப் பொருளாகப் பார்த்த தம் கண்ணையே அவர் குற்றம் சாட்டுகிறார். இவ்வகைக்கு எண் மட்டும் உண்டு. பெயர் கேளற்க.

6. தீவு வகை. கால்வாய்த் தீவுகளுள் ஒன்றாகிய சார்க்கில் பீக் இருமுறை குடியிருந்தார். அங்கு நிகழ்வதாக 1953இல் எழுதிய புனைவில், நன்மை மிகுந்தவனுக்கு முதுகில் சிறகு முளைக்கிறது. அதைப் போக்கத் தீமை செய்யின் தலையில் கொம்பு முளைக்கிறது. ஒழுக்கத்தை உறுப்பால் வகைப்படுத்திய இம்முறை, பிற ஆசிரியர் பின்பற்றத் தக்கது.

7. பரிசு வகை. இரண்டாம் கோட்டை நூலாகிய 'கோர்மென்காசுட்டு' (1950), 'கண்ணாடி ஊதுவார்' என்னும் பாத்தொகை ஆகிய இரண்டுக்கும் சேர்த்து ஐன்மன் பரிசு ஒன்றே வழங்கினர். நூலுக்கு எத்துணை, பாவுக்கு எத்துணை எனப் பிரித்துரையாமை வழங்கினார் குற்றம்.

இனிக் கெடுதல். பொருள் முட்டு நீங்கும் என்று நம்பி எழுதிய கூத்து 1957இல் இலண்டனில் அரங்கேறியது, நிலைக்கவில்லை. அதனை ஒட்டி உடலும் தளர்ந்தது. கை நடுங்க, மூன்றாம் கோட்டை நூல் 1959இல் வெளிவந்தது. இருகோலர்க்கு ஒரு கையே ஆதலின், அது நடுங்கின் இரு தொழிலும் ஒருங்கே நிற்கும். தூவலர்க்கும் தீட்டுநர்க்கும் இல்லாத இடர் இது. 1968 நவம்பரில் மறைந்தார். அதனை ஒட்டி வந்த பெங்குவின் மலிவுப் பதிப்புகளாலேயே படிப்பார் பெருகினர்.

2010இல் பிரித்தானிய நூலகம் அவருடைய கையேடுகளை விலைக்கு வாங்கியது. கோட்டை நூல்களுக்குரியவை மட்டும் 39 குறிப்பேடுகள். ஓரவுரு ஒவ்வொன்றையும் எண்ணி, மூக்கின் நீளம் நோக்கி வகைப்படுத்தும் பணி நாளை தொடங்கும். மாணாக்க, அகன்ற ஓரமுள்ள ஏடு ஒன்று கொண்டுவருக.