சேவல் இல்லாத ஊர் முட்டை

கேள்வி: கோழி வளர்க்கும் நண்பர்களைப் பார்த்து நானும் இன்குபேட்டர் வாங்கி, மளிகைக் கடை முட்டை ஒரு டஜன் வைத்திருக்கிறேன். குஞ்சு எப்போது வரும்?

பதில்: வராது. நாமக்கல் பண்ணைக் கூண்டுகளில் சேவலுக்கு வேலையே இல்லை; அங்கிருந்து வரும் கடை முட்டை கருக்கூடாதது. இன்றே எடுத்தால் ஆம்லெட். 21 நாள் காத்திருந்தால் அக்கம்பக்கத்தார் வீட்டைக் காலி செய்வார்கள்!

சேவலோடு மேயும் நாட்டுக்கோழியின் முட்டையை அந்த நண்பர்களிடமே கேளுங்கள். விசிறி வைத்த பெட்டியில் சூடு 37.5 டிகிரி. 18-ஆம் நாள்வரை தினமும் சில முறை திருப்ப வேண்டும். ஒரு வாரத்தில் இருட்டில் டார்ச் அடித்தால் சிவப்பு நரம்பு தெரியும், தெரியாதது கூமுட்டை. கடைசி மூன்று நாள் மூடியைத் திறக்காதீர்கள், ஈரப்பதம் போய்விடும். ஆர்வத்தை அடக்க முடியாதா? அடைக்கோழி ஒன்றைக் கடன் வாங்குங்கள். எட்டிப் பார்த்தால் கொத்தும்.