பினாங்குக்காரர்

காவிரிப் படுகையின் கீழ்க்கோடியில், நாகப்பட்டினத்திலிருந்து ஒரு நாள் மாட்டுவண்டிப் பிரயாணத்துக்குள் அடங்கிய கிராமங்களில், கோயிலும் குளமும் எவ்வளவு நிச்சயமாக உண்டோ அவ்வளவு நிச்சயமாக ஒரு பினாங்குக்காரரும் இருந்தார். இருந்தார் என்பதைக் காட்டிலும், இருந்தும் இல்லாமலும் இருந்தார் என்பதே பொருந்தும். ஏனெனில், மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ராஜுலாக் கப்பலில் வந்திறங்கி, நான்கு மாதம் ஊரில் தங்கி, அந்த நான்கு மாதமும் பினாங்கைப் பற்றியே பேசி எல்லாரையும் அலுக்க வைத்துவிட்டு, மறுபடியும் அதே கப்பலில் ஏறிப் போய், அங்கே மூன்று வருஷமும் ஊரைப் பற்றியே பேசி அங்கிருப்பவர்களை அலுக்க வைப்பது அவருடைய ஜீவிய தர்மமாக இருந்தது. எனக்கு அவர் தூரத்து மாமா முறை. ஆனால் நான் இங்கே எழுதுவது அவர் ஒருவரைப் பற்றி மட்டுமல்ல. அவரைப் போன்ற மாமா ஒருவர் இல்லாத குடும்பம் எங்கள் பக்கத்தில் அபூர்வம்.

அப்போதெல்லாம் நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்பதில்லை. கடலுக்குள் தள்ளி நங்கூரம் பாய்ச்சிக்கொண்டு நிற்கும். ஜனங்களைப் படகில் இறக்கிக் கொண்டுவர வேண்டும். அந்தப் படகு கரையை நெருங்கும்போதே, வெள்ளை ஜிப்பாவும் தங்கப் பொத்தானும், ஒரு கையில் பட்டுக்குடையும் மறு கையில் ஐந்து செல் டார்ச்சு விளக்குமாக மாமா எழுந்து நிற்பார். அவருக்கு முன்னால் கோடாலித் தைலத்தின் வாசனை கரைக்கு வந்து சேரும். அந்தத் தைலப் புட்டிகளும், சவுக்காரக் கட்டிகளும், கைலிகளும் உறவின் கிட்ட எட்டத்தை அனுசரித்து வினியோகம் ஆகும் வைபவத்தை நான் விஸ்தரிக்கப் போவதில்லை. கைலி எதிர்பார்த்தவர்களுக்குச் சவுக்காரம் கிடைத்ததனால் அறுந்துபோன சம்பந்தங்கள் உண்டு என்று மட்டும் குறிப்பிட்டு மேலே செல்கிறேன்.

அவருடைய கைக்கடிகாரம் தனியே பிரஸ்தாபிக்கத் தக்கது. அந்நாளில் மலாயாவின் நேரம் நம் நேரத்துக்குச் சரியாக இரண்டு மணி முந்தி ஓடியது. நிமிஷ முள்ளில் வித்தியாசம் கிடையாது. மணி முள்ளை இரண்டு கட்டம் பின்னுக்குத் தள்ளினால் தீர்ந்தது காரியம். அந்தச் சிறு காரியத்தை மாமா ஒரு நாளும் செய்ததில்லை. காலை ஆறு மணிக்கு வேப்பங்குச்சியும் கையுமாக வாய்க்கால் கரையில் நின்றுகொண்டு, மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, "எட்டாச்சு. பையன் இன்னேரம் கடைப்பலகையை எடுத்திருக்கணும்" என்பார். ஒரு தரம் அவருடைய மைத்துனர் மகள் கல்யாணத்தில், ஊரிலேயே நம்பத் தகுந்த கடிகாரம் அது ஒன்றுதான் என்பதனால், முகூர்த்த வேளையைக் கவனிக்கும் பொறுப்பைப் புரோகிதர் மாமாவிடம் ஒப்புவித்தார். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். ஏழு மணிக்கே மாமா பந்தலுக்கு நடுவில் வந்து நின்று, "ஒன்பது அடிச்சாச்சு, கெட்டி மேளம்!" என்று முழங்க, மேளகாரர் தவிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடிவர, மாப்பிள்ளையோ திண்ணையில் நாவிதருக்கு எதிரே பாதி முகம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார்.

பினாங்கிலாவது அந்த நேரத்தோடு அவர் ஒத்துப் போனாரா என்றால், அதுவும் இல்லை. சூலியா தெருவில், அஞ்சடி என்கிற கடைமுன் நடைபாதைக்குப் பின்னால் இருந்த அவருடைய மளிகைக்கடையில் கல்லாவுக்கு மேலே ஒரு சுவர்க்கடிகாரம் தொங்கிற்று. அது ஊர் நேரம் காட்டும். எதிர்க் கடைச் சீன முதலாளி, அங்கே தவுக்கே என்பார்கள், பல வருஷங்கள் பொறுத்திருந்து பார்த்துவிட்டு, கடிகாரம் இரண்டு மணி பிந்தி ஓடுகிறது, எண்ணெய் போடக் கூடாதா என்று விசாரித்தாராம். "அது ஓடுறது சரியாத்தான் ஓடுது, தவுக்கே. அது எங்க வீட்டு மணி" என்றாராம் மாமா.

நாக்கின் விஷயமும் இப்படியே. சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்துக் கருக வறுத்த கொட்டையைப் பொடித்து, துணிப்பையில் வடித்து, டின்பால் ஊற்றிச் சீனன் கொடுக்கும் கோப்பியைக் கையில் வாங்கும்போதெல்லாம், "இதுவும் ஒரு காப்பியா? கறந்த பாலில் முதல் டிகாக்ஷன் கலந்து எங்க வீட்டிலே கொடுப்பாள் பார்" என்று பெருமூச்சு விடுவார். அந்தக் கறந்த பாலும் முதல் டிகாக்ஷனும் ஊரில் கைக்கு வந்தால், ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்து, "இதிலே காப்பி எங்கேடி இருக்கு? பாலுதான் இருக்கு" என்பார். மூன்று வருஷம் தனியே குடும்பத்தை நடத்திப் பழகிய மாமி லேசில் விட்டுக்கொடுக்கிறவள் அல்லள். "அப்போ ஒண்ணு செய்வோமா? மாட்டை வித்துட்டு, தொழுவத்திலே உங்க டின்னைக் கட்டிப்போட்டுப் புல்லு வெக்கிறேன்" என்று ஒரே வார்த்தையில் அந்த விவகாரத்தை முடித்துவிட்டாள்.

கொரியாவில் யுத்தம் மூண்டு, கித்தா என்று அங்கே சொல்லும் ரப்பரின் விலை வானத்துக்கு ஏறிய 1950-51இல், மலாயாவில் கடை வைத்திருந்த அத்தனை பேர் கையிலும் வெள்ளி புரண்டது. அந்தப் பணத்தில்தான் மாமா ஊரில் மெத்தை வீடு எழுப்பினார். பர்மாத் தேக்கில் கட்டில். கண்ணாடி அலமாரியில் யாரும் தொடக்கூடாத சீனப் பீங்கான். முகப்பில் லக்ஷ்மிக்கு இரு புறமும் யானைகளோடு இரண்டு ரப்பர் மரங்கள். அலமாரியின் சாவி பினாங்கில் மாமாவின் அரைஞாணிலேயே தொங்கியது. வீட்டின் சொந்தக்காரர் சூலியா தெருவில் கடை மச்சின்மேல், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில், கித்தான் கட்டிலில் முடங்கிக் கிடக்க, வீட்டை மேற்பார்வை பார்த்துக்கொள்ளும்படி நியமிக்கப்பட்ட சித்தப்பா மகன் பர்மாத் தேக்கில் கால் நீட்டிப் படுத்து, கடமை உணர்ச்சியோடு உறங்கினார். சரி, நான்கு மாதமாவது மாமா அந்தக் கட்டிலில் படுத்தாரா? இரண்டு இரவு படுத்துப் பார்த்தார். வெங்காய வாசனை இல்லாமல் தூக்கம் பிடிக்கவில்லை என்று மூன்றாம் நாள் திண்ணைக்கு வந்துவிட்டார்.

பத்திரிகை படிப்பதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. பினாங்கில் இருக்கும்போது, கப்பல் தபாலில் பழசாகி வந்து சேரும் சுதேசமித்திரனை விரித்து, மேட்டூர் அணையில் எத்தனை அடி ஜலம் நிற்கிறது என்பதை முதலில் பார்ப்பார். 120 அடிக்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு அன்று கடையாட்கள் வசவு வாங்கவேண்டியதுதான். ஜூன் 12இல் தண்ணீர் திறக்கவில்லை என்றால், தம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம், நெல்லை அளக்க வேண்டியவன் வேறொருவன் என்பதைக் கூட மறந்து அன்னம் ஆகாரம் இல்லாமல் இருப்பார். ஊரில் இருக்கும்போதோ, மேட்டூர் நிரம்பி வழிந்து காவிரி வாசலுக்கே வந்தாலும் அவர் கவலை அதிலில்லை. தபாலில் வரும் கோலாலம்பூர்த் தமிழ் நேசனைப் பிரித்து, கித்தா விலை இரண்டு காசு இறங்கிவிட்டதென்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருப்பார். அவருக்குச் சொந்தமாக ஒரு ரப்பர் மரமாவது உண்டா என்றால், வீட்டு முகப்பில் சுதையில் இருந்த அந்த இரண்டுதான்.

பணத்தில்தான் அவருடைய ஸ்வபாவம் நன்றாக வெளிப்படும். மலாயா டாலரை அங்கே வெள்ளி என்பார்கள். ஒரு வெள்ளி அப்போது ஏறக்குறைய ஒரு ரூபாய் ஒன்பது அணா. ஊரில் கத்தரிக்காய்க்காரி விலை சொன்னால், மாமா அதை மனத்துக்குள் வெள்ளியாக்கிப் பார்த்து, "அடடே, இவ்வளவுதானா!" என்று கேட்டதைக் கொடுத்துவிடுவார். பினாங்கில் கோப்பிக்கடையில் உட்கார்ந்தாலோ அதே கணக்கு ரூபாயாகத் திரும்பிவந்து தொண்டையை அடைக்கும், எழுந்து வந்துவிடுவார். இவ்விதமாக ஒரே வாய்ப்பாட்டை வைத்துக்கொண்டு இங்கே கர்ணனாகவும் அங்கே கஞ்சனாகவும் விளங்கினார். 1966 ஜூனில் நம் சர்க்கார் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். வெள்ளி கிட்டத்தட்ட இரண்டரை ரூபாய்க்கு உயர்ந்தது. தாய்நாட்டு நாணயத்துக்கு இந்தக் கதி வந்ததே என்று மத்தியானம் வரையில் யாரோடும் பேசாமல் துக்கம் காத்த மாமா, மத்தியானத்துக்குமேல் தபாலாபீசுக்குப் போய் ஊருக்கு மணியார்டர் செய்துவிட்டு வந்தார்.

சிரிப்புக்கு இடமில்லாத அத்தியாயம் ஒன்றும் அவருடைய சரித்திரத்தில் உண்டு. 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் பினாங்கின்மேல் குண்டு போட்டன. கப்பலும் கடிதமும் நின்றுபோயின. ஏறக்குறைய நான்கு வருஷம் மாமா இருக்கிறாரா இல்லையா என்பது தெரியாமலே, மாமி வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் பூசிக் குளித்தாள். ஊரில் சிலர் கேட்கக் கூடாததைக் கேட்கவும் செய்தார்கள். அங்கேயோ சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்ற பீதியில் மாமா மச்சிலேயே ஒளிந்து கிடந்தார். யுத்தம் ஓய்ந்து வந்து சேர்ந்தபோது, பிராணன் நீங்கலாக அவர் கொண்டுவந்தது ஒரு தகரப்பெட்டி நிறைய வாழைமரக் காசு. ஜப்பான்காரன் அச்சடித்த அந்த நோட்டைப் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் செல்லாக் காசாக்கிவிட்டார்கள். "போதும், இனிமேல் கஞ்சியோ கூழோ ஊரோடுதான்" என்று மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். அடுத்த தைக்குள், அங்கே நின்றுபோன கடன் பாக்கிகளை வசூல் செய்ய வேண்டும் என்று கப்பலேறிவிட்டார். அந்தப் பாக்கிகள் எல்லாம் வாழைமரக் காசில் எழுதினவை என்பது அவருக்கும் தெரியும், மாமிக்கும் தெரியும்.

அவரை நான் நிம்மதியாகக் கண்ட இடம் ஒன்றுதான். அது ராஜுலாவின் மேல்தட்டு. ஒரு தடவை நானும் அவரோடு போக நேர்ந்தது. பாயை விரித்து, நான்கு மூலையிலும் பெட்டியையும் கூஜாவையும் வைத்து எல்லை கட்டிக்கொண்ட கணத்திலிருந்து, எதையும் எதனோடும் ஒப்பிடாமல், கொடுத்த தேநீரைக் குற்றம் சொல்லாமல், பக்கத்துப் பாய்க்காரரோடு சீட்டாடிக்கொண்டு வந்தார். கப்பலில் மணியை நாள்தோறும் சிறிது சிறிதாக முன்னுக்குத் தள்ளி வைப்பார்கள். ஆகையால் அங்கே ஊர் மணியும் இல்லை, பினாங்கு மணியும் இல்லை. மாமா கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். நாலாம் நாள், "கப்பல் இன்னும் கொஞ்சம் நிதானமாய்ப் போனால் என்ன, தம்பி?" என்று அவர் கேட்டது கடல் மயக்கத்தினால் என்று அப்போது நினைத்தேன்.

1957 ஆகஸ்டு 31இல் மலாயா சுதந்திரம் அடைந்தது. பிரஜையானவர்களுக்கு நீல அடையாள அட்டை, மற்ற நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு அட்டை. பக்கத்துக் கடைக்காரர்களில் பலர் நீலத்துக்கு மனுப் போட்டபோது, மாமாவும் விண்ணப்பத் தாளை வாங்கிவந்தார். ஆனால் இந்தியாவின் 1955ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தில் 9ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தானே மனமுவந்து வேறு நாட்டின் பிரஜையாகிறவர் இங்கே பிரஜையாக இருக்க முடியாது. இரண்டு வீடு கட்டிக்கொள்ள அனுமதிக்கிற சட்டம் இரண்டு நாடு கட்டிக்கொள்ள அனுமதிக்கவில்லையே என்பது மாமாவின் ஆக்ஷேபணை. விண்ணப்பத் தாள் வாழைமரக் காசுப் பெட்டிக்குள் போயிற்று. கைவசம் இருந்தது சிவப்பு அட்டை. 1969க்குப் பிறகு, பிரஜை அல்லாதவர்கள் வேலை பார்க்கப் பெர்மிட்டு வேண்டும் என்று சட்டம் வந்து, ஆயிரக்கணக்கானவர்கள் பெட்டி கட்டிக்கொண்டு ராஜுலாவுக்குக் காத்து நின்றபோதுதான் அந்தத் தாள் மறுபடியும் வெளியே வந்தது. பிறகு நடந்தது கடைப்பையன் சொல்லிக் கேள்வி.

மனுவில் நிரந்தர விலாசம் என்று ஒரு வரி விட்டிருந்தார்களாம். மாமா அந்த ஒரு வரியில், எறும்புக்கு மட்டுமே தெரியும் எழுத்தில், சூலியா தெருவையும் எழுதி, நாகப்பட்டினம் தாலுகாவையும் எழுதிக் கொண்டுபோய் நீட்டினார். குமாஸ்தா நம் தமிழ்ப் பையன், மரியாதை தெரிந்தவன்.

"அய்யா, இதிலே ஏதாவது ஒண்ணுதான் இருக்கணும். ஒண்ணை அடிச்சிட்டுக் கொடுங்க" என்று பேனாவையும் கொடுத்தான்.

மாமா பேனாவை வாங்கிக்கொண்டார். வரியின் முதல் பாதியைப் பார்த்தார். பின் பாதியைப் பார்த்தார். மையை உதறினார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் கனைத்தார்கள். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கடைசித் தேதி என்னைக்குத் தம்பி?" என்றாராம்.

அவன் சொன்னான்.

மாமா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அதுக்குள்ளே ராஜுலா ஒரு நடை போய்வரும். இதெல்லாம் இங்கே நின்னுக்கிட்டு முடிவு பண்ற விஷயமா? ஊருக்குப் போய் நிதானமா யோசிச்சிட்டு வர்றேன்" என்று தாளை மடித்து ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டு, டிக்கெட்டு வாங்கக் கப்பல் கம்பெனிக்கு நடந்தார்.

ஊருக்கு வந்தார். யோசித்தார். மாமி என்ன முடிவு என்று கேட்டதற்கு, இங்கே உட்கார்ந்துகொண்டு அதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை, அங்கே போனால்தான் நிலவரம் தெரியும் என்றார்.