எட்டுக்கு மூணேகால்

ரிச்சி தெருவில் பேரம் பேசி 4 ஜிபி ரேம் ஒன்று வாங்கி வந்தேன். ஏற்கெனவே இருப்பது 4. கூட்டினால் 8. இதற்கு நான் பி.காம். படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. சிபியு பெட்டியைத் திறந்து புதியதைச் செருகி, வீட்டாரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். ரேம் 8 ஜிபி என்றது கணினி. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள், பயன்படுவது 3.24 என்றது. கெட்ட செய்தியை எப்போதும் அடைப்புக்குறிக்குள்தான் போடுகிறார்கள்.

"எட்டுக்கு மூணேகாலா?" என்றாள் மனைவி. "எட்டு சாமான் எழுதிக் குடுத்தா நீங்க வாங்கிட்டு வர்ற கணக்காச்சே!"

அக்கா மகனுக்குப் போன் போட்டேன். "விண்டோஸ் 32 பிட்டா இருக்கும் மாமா" என்றான். உடனே நான் பேராசிரியராகிவிட்டேன். "32 பிட் என்பது ஒரு தெரு. மொத்தக் கதவு எண்கள் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. அதுதான் 4 ஜிபி. கிராபிக்ஸ் முதலான சாதனங்களும் அதே தெருவில்தான் குடியிருக்க வேண்டும். அவை போக ரேமுக்கு மிஞ்சுவது மூணேகால்." மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, திரையில் ஓரிடத்தைத் தொட்டாள். "இங்க 64 பிட்னு போட்டிருக்கே?"

வகுப்பு கலைந்தது.

அடுத்த சந்தேகம் சரஸ்வதி பூஜையின் மேல் விழுந்தது. குங்குமம் உள்ளே போயிருக்குமோ? "நான் வெளியிலதான் வச்சேன்" என்றாள் அவள். மின்சாரத்தைத் துண்டித்து, இரண்டு ரேமையும் கழற்றி, மகளின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து, தங்க நிறப் பற்களைப் பக்குவமாகத் தேய்த்து, திரும்பச் செருகினேன். திரை இருண்டது. பெட்டி 'பீப் பீப்' என்று அலறியது. இருந்த மூணேகாலும் போச்சு! இரு பக்கத்துக் கொக்கியும் 'டக்'கென்று விழும்வரை அழுத்தியபிறகுதான் அலறல் நின்றது. 3.24 திரும்பி வந்ததில் எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தை வெளிக்காட்டிக்கொள்ளவில்லை.

பிறகென்ன, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று தீர்ப்பெழுதி, அந்த ரேமோடு போய் நின்றேன். கடைப் பையன் அதை வேறொரு கணினியில் மாட்டிக் காட்டினான். முழு 4. "ஏதாச்சும் செட்டிங் மாத்தினீங்களா சார்?" என்றான். கையே வைக்கவில்லை என்று சாதித்தேன்.

சாயங்காலம் மகள் எம்எஸ்கான்ஃபிக் என்று எதையோ தட்டி, 'பூட்' பகுதிக்குள் நுழைந்து ஒரு சின்னக் கட்டத்தைக் கண்டுபிடித்தாள். அதிகபட்ச நினைவகம்: 4096. பக்கத்தில் ஒரு டிக்.

"இதை யாருப்பா போட்டது?"

ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்பு, கணினியை ராக்கெட் வேகத்தில் ஓட வைப்பதாகச் சொன்ன ஒரு வீடியோவைப் பார்த்து நான் போட்ட டிக். 'இவ்வளவையும் பயன்படுத்து' என்பது அதற்கு அர்த்தம் என்று நினைத்திருந்தேன். 'இந்தக் கதவு எண்ணுக்கு மேல் எட்டிப் பார்க்காதே' என்பதுதான் அர்த்தமாம். ஆக, அன்றிலிருந்தே அது மூணேகாலோடுதான் குடித்தனம் நடத்தியிருக்கிறது. மெதுவாக ஓடுகிறதே என்று பரிதாபப்பட்டுத்தான் நான் புது ரேமே வாங்கினேன்.

டிக்கை எடுத்து, நிறுத்தி ஓட்டினோம். 8 ஜிபி; அடைப்புக்குறிக்குள் 7.88.

"மீதி?" என்றாள் மனைவி.

"அது... கிராபிக்ஸ் எடுத்துக்கிச்சு."

மளிகைக் கடையிலிருந்து திரும்பும்போது நீட்டுவாளே, அதே மாதிரி உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.